வராமலே போன ஆட்டம்

1992இல் ஜப்பானில் வெஸ்ட்டோன் என்ற சிறிய நிறுவனம் 'க்ளாக்வொர்க் அக்வாரியோ' என்ற வீடியோ கேமைச் செய்யத் தொடங்கியது. காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்துக்கானது அது. திரையில் மேலும் கீழுமாகத் தளங்கள். அவற்றில் ஓடித் தாவிப் போக வேண்டும். எதிரே வருவதை ஒரு தட்டுத் தட்டினால் மயங்கும். மயங்கியதைத் தூக்கி அடுத்ததன் மேல் எறியலாம். இந்த வகைக்குப் பிளாட்ஃபார்ம் கேம் என்று பெயர். மாரியோவைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆடுவதற்கு மூன்று பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம்: ஒரு பையன், ஒரு ரோபோ, எல் மூன் என்ற பெண். இருவர் சேர்ந்தும் ஆடலாம்.

ஆட்டம் கடைகளுக்கு வரவில்லை. சோதனைக்கு வைத்துப் பார்த்தபோது போதிய காசு விழவில்லை. 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்த பிறகு ஆர்கேட் கூட்டம் கேட்டது சண்டையை. பலூன் உடைக்கும் வண்ணமயமான ஆட்டத்துக்கு இனி இடமில்லை என்று 1994 வாக்கில் மூட்டை கட்டிவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து ஜெர்மனியைச் சேர்ந்த ஸ்ட்ரிக்ட்லி லிமிட்டட் கேம்ஸ் என்ற நிறுவனம் மிஞ்சியிருந்த நிரலைத் தேடிப் பிடித்தது. பகுதிகள் காணாமல் போயிருந்தன. ரியூயிச்சி நிஷிசாவா உள்ளிட்ட பழைய வேலையாட்களை வைத்தே இல்லாததை நிரப்பினார்கள். 2021 இறுதியில் அது வெளிவந்தது.

'தொலைந்த ஆட்டம் மீட்கப்பட்டது' என்றே இதைப் பற்றி எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல்லில்தான் இடறுகிறது. ஒன்றைத் தொலைக்க வேண்டுமென்றால் முதலில் அது கையில் இருந்திருக்க வேண்டும். செய்தவர்கள் தொலைத்தார்கள், சரி. ஆடுகிறவர்கள் எதைத் தொலைத்தார்கள்? அவர்களிடம் அது வரவே இல்லையே. வராத ஒன்றை மீட்க முடியுமா, முடியும் என்றால் யாருக்காக மீட்கிறோம்? இது விளையாட்டுப் பேச்சாகத் தெரியலாம். கள்ளக்குறிச்சியில் 1994இல் பதின்மூன்று வயதுப் பெண்ணாக இருந்தவளுக்கு அப்படித் தெரியவில்லை.

அப்போது எங்கள் ஊர் மாவட்டத் தலைநகர் இல்லை. அதற்கு 2019 நவம்பர் வரை காத்திருந்தது. பேருந்து நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. வாசலில் அழுக்குத் திரைச்சீலை, உள்ளே மூன்று நான்கு மரப்பெட்டிகள், ஒரு ரூபாய்க்கு ஓர் ஆட்டம். டியூஷன் போகும்போது திரைச்சீலைக்குக் கீழே பையன்களின் கால்கள் தெரியும். உள்ளிருந்து டிஷ்யூம் சத்தமும் கெட்ட வார்த்தையும் வரும். பெண்கள் வரக்கூடாது என்று பலகை ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் எதற்குத்தான் பலகை இருந்தது? டீக்கடை பெஞ்சிலும் ஏரிக்கரையிலும் பலகை இல்லை. அங்கே உட்கார்ந்த பெண்ணும் இல்லை.

அந்தக் கடைகளின் ராஜா ஒரு சண்டை ஆட்டம். அதன் பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்', 1993இல் கேப்காம் கொண்டுவந்தது. நம் பக்கத்துப் பையன்கள் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. மஞ்சள் தொப்பிக்காரன் பெயரை வைத்து 'முஸ்தபா' என்றே சொல்வார்கள். அதில் தேர்ந்தெடுக்கக்கூடிய நான்கு பேரில் ஹன்னா என்ற பெண்ணும் உண்டு என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. பெட்டிக்குள் ஒரு பெண் இத்தனை நாள் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். அந்தத் திரைச்சீலையைத் தாண்டி எங்களில் ஒருத்தி போயிருந்தால் பார்த்திருப்பாள்.

வீட்டில் டிவியில் செருகும் கேசட் கேம் சில வீடுகளில் இருந்தது, பெண்பிள்ளைகளும் ஆடினார்கள் என்று சிலர் சொல்வீர்கள். ஆடினோம், இரண்டாவது கன்ட்ரோலரில். சூப்பர் மாரியோவில் முதல் ஆள் செத்தால்தான் இரண்டாவது ஆளுக்கு முறை வரும். சித்தப்பா வீட்டில் அண்ணன் நன்றாக ஆடுவான், அதனால் நான் நன்றாக வேடிக்கை பார்த்தேன்.

இன்று அந்தப் பழைய ஆட்டங்களையெல்லாம் காப்பாற்ற ஒரு பெரிய கூட்டமே உழைக்கிறது. 1997இல் இத்தாலிக்காரர் ஒருவர் தொடங்கிய மேம் என்ற மென்பொருள், ஆர்கேட் பெட்டிகளுக்குள் இருந்த சுற்றுகளைக் கணினியில் நடித்துக் காட்டுகிறது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காது என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கிட்டுச் சொன்னது. அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த உழைப்பின் பின்னால் இருக்கும் ஏக்கம் பெரும்பாலும் ஆண்களின் பால்யத்துக்கான ஏக்கம். திரைச்சீலைக்கு உள்ளே நின்றவனுக்கு அது மீட்பு. வெளியே நின்றவளுக்கு அது முதல் ஆட்டம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் வெளியே நின்றது மறைந்துபோகும்.

இதை நான் யோசிக்கத் தொடங்கியது என் அக்காவை வைத்து. அக்காவுக்குப் பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு 1994 ஆவணியில் கல்யாணம். கச்சிராயபாளையம் பக்கம் கொடுத்தோம். கோமுகி அணைக்குப் போகும் வழி. போன பொங்கலுக்கு அவள் மகன் பெங்களூரிலிருந்து நிண்டெண்டோ ஸ்விட்ச் கொண்டுவந்திருந்தான். அதில் இந்த அக்வாரியோ இருந்தது. அவனும் நானும் ஆடினோம். அக்கா அரிசி புடைத்துக்கொண்டே பார்த்தாள். "எனக்கெதுக்குடி அதெல்லாம்" என்று மூன்று முறை சொல்லிவிட்டு நான்காவது முறை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எல் மூனைத் தேர்ந்தெடுத்தாள். முதல் பத்து நிமிடம் தாவ வேண்டிய இடத்திலெல்லாம் தானும் உட்கார்ந்த இடத்தில் எம்பினாள். பையன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினாள்.

அது எந்த வருடத்து ஆட்டம் என்று சொன்னேன்.

"அப்பவே இருந்துச்சா?"

"செஞ்சு வெச்சிருந்தாங்க. வெளிய விடல."

"யாருக்குமேவா?"

"யாருக்குமேதான்."

"அப்ப எனக்கு மட்டும் இல்லன்னு இல்ல" என்றாள். பால்காரர் மணியடித்ததும் எழுந்து போய்விட்டாள். இருபது நிமிடம் ஆடியிருப்பாள்.

அந்த ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்டமும் அக்காவும் ஒரே வருடத்தில் மூட்டை கட்டப்பட்டார்கள், உண்மைதான். அதற்குப் பிறகு நடந்தது ஒன்றல்ல. ஆட்டத்தைத் தேடி ஒரு நிறுவனம் பணத்தோடு வந்தது. காணாமல் போன பகுதிகளை நிரப்ப, அதைச் செய்தவர்களையே கூப்பிட்டது. அக்காவின் முப்பது வருடத்தில் காணாமல் போன பகுதிகளுக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி சம்பளமில்லாத வீட்டு வேலையில் அதைச் செய்யும் பெண்களுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் போகிறது, ஆண்களுக்கு 97. 2024 கணக்கில் 289, 88. ஐந்து வருடத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. அக்வாரியோவின் முதல் கட்டத்தைத் தாண்டக்கூட அவளுக்கு அது போதாது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

மீட்பவர்கள் தங்களுக்குள் ஓயாமல் வாதிடும் கேள்வி ஒன்று உண்டு. பழையதற்கு எவ்வளவு விசுவாசமாக இருப்பது? ஆர்கேட் ஆட்டங்கள் கடினமாக இருந்தது கலைக்காக அல்ல, சில்லறைக்காக. சீக்கிரம் சாகடித்தால்தான் அடுத்த காசு விழும். காசுப் பெட்டியே இல்லாத இன்று அந்தக் கடினத்தை வைத்திருப்பது விசுவாசமா, வெறும் பழக்கமா? அக்வாரியோவை வெளியிட்டவர்கள் பழைய ஆர்கேட் முறையோடு புதியவர்கள் பழகிக்கொள்ள எளிய முறையையும் சேர்த்தார்கள். எளிய முறையில் ஆடுவது ஆட்டமே அல்ல என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சைக்கிள் பழகாத பெண்ணைப் பார்த்து, நாங்களெல்லாம் விழுந்து எழுந்துதான் கற்றோம் என்று சொன்னவர்களின் வாரிசுகள் அவர்கள். விழுந்து எழுவதற்கு அவர்களுக்கு ஒரு தெருவே இருந்தது.

இன்னொரு கேள்வி இதைவிடச் சங்கடமானது. இந்த வகை ஆட்டங்களுக்கு மூத்த தாய் என்று சொல்லத்தக்க 'டாங்கி காங்' 1981இல் வந்தது. உச்சித் தளத்தில் ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டு காத்திருப்பாள். ஏணி ஏறி, உருண்டு வரும் பீப்பாய்களைத் தாண்டி ஆண் போய்க் காப்பாற்றுவான். 2013இல் மைக் மிக்கா என்ற அமெரிக்க நிரலாளர் தன் சின்ன மகள் கேட்டதற்காக அதன் வீட்டுப் பதிப்பை மாற்றினார். பாலின் ஏணி ஏறுவாள், மீசைக்காரன் மேலே காத்திருப்பான். உலகம் கைதட்டியது, நானும் தட்டினேன். ஆனால் மாற்றியது மட்டுமே நாளை மிஞ்சும் என்றால் நான் தட்ட மாட்டேன். அந்தப் பெண் நாற்பது வருடம் மேலே நின்று கையை ஆட்டினாள் என்பது ஒரு சாட்சியம். அதைத் திருத்தி எழுதிவிட்டுப் பழையதை அழித்தால் எங்களுக்கு எதுவும் நடக்கவில்லை என்றாகிவிடும். பழையது அதன் அசிங்கத்தோடு அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் புதியதும் இருக்கட்டும். மென்பொருளில் இடம் ஒரு பிரச்சினையே இல்லை.

இதே தவறு நம் பக்கத்திலும் நடக்கிறது. பல்லாங்குழியைப் பளபளப்பான மரத்தில் செய்து, சோழியோடு பெட்டியில் போட்டு விற்கிறார்கள். பாட்டிமார்களின் கணித அறிவு, கைவிரல் பயிற்சி என்று அட்டையில் எழுதுகிறார்கள். வயதுக்கு வந்த பெண்ணைக் குச்சு கட்டித் தனியாக உட்காரவைத்த நாட்களில் கையில் கொடுத்த ஆட்டமும் அதுதான் என்று அட்டையில் இருக்காது. எங்கள் ஆயாவின் பலகை சாம்பல் பூத்து விளிம்பு தேய்ந்திருந்தது. வெளியே விடாததற்கு ஈடாகக் கொடுத்த பதினான்கு குழி. தோற்றவளுக்கு அடுத்த ஆட்டத்தில் நிரப்ப முத்து போதாது, அவள் பக்கத்துக் குழிகள் சில வெறுமையாகக் கிடக்கும். இருப்பதை வைத்துத்தான் ஆட வேண்டும். அந்த விதியை ஆயா விளக்கியதே இல்லை. எங்களுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பல்லாங்குழியை ஆடுவோம், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்போம். குச்சைச் சொல்லாமல் பலகையை மட்டும் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

நான் இப்போது கல்வராயன் மலையில் ஒரு விடுதிப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இந்த மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நாடு விடுதலையாகி இருபத்தொன்பது வருடம் கழித்துத்தான் அந்த முறை ஒழிந்தது. 2024இல் கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு மலை மக்களின் நிலைமையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. கீழே எப்போதோ வந்துவிட்டவை மேலே ஒரு தலைமுறை கழித்து வரும்போது யாரும் அதை மீட்பு என்று சொல்வதில்லை, வளர்ச்சி என்கிறார்கள். தாமதத்துக்குக் கணக்கு கேட்காமலிருக்க அது வசதியான சொல்.

எங்கள் விடுதிப் பெண்களுக்கு ஆர்கேட் பெட்டி தெரியாது. ஊருக்குப் போனால் அண்ணன் போனில் ஆடுவதைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். இரண்டாவது கன்ட்ரோலர்கூட இப்போது கிடையாது. ஆனால் பாண்டி ஆடுவார்கள். சில ஊரில் நொண்டி, சில ஊரில் சில்லுக்கோடு. ஓட்டாஞ்சில்லால் தரையில் கட்டம் போட்டு, ஒற்றைக் காலில் கோட்டை மிதிக்காமல் தாண்டி, சில்லை எடுத்துத் திரும்ப வேண்டும். ஜெயித்துப் பிடித்த கட்டம் அவளுடைய வீடு. மற்றவள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். கடைசியில் சில்லை நெற்றியில் வைத்து, கண்ணை மூடி, அடிக்கு அடி "ரைட்டா?" என்று கேட்டுக்கொண்டே கடக்க வேண்டும். தளம் தாவும் ஆட்டம் என்றால் இதைவிட வேறென்ன? காசும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். செய்தவள் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை.

மாசியில் இரண்டு நாளைக்கு ஸ்விட்சைக் கடன் வாங்கி மேலே கொண்டுபோனேன். ஒரு பெட்டிக்கு அறுபது பேர். வரிசை கட்டி, ஆளுக்கு ஓர் உயிர் என்று அவர்களே விதி வைத்துக்கொண்டார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆடி முடித்துவிட்டு, "இதுல கண்ண மூடிட்டுத் தாண்ட முடியாதா டீச்சர்?" என்று கேட்டாள். முடியாது என்றேன். "அப்ப கூட இருக்கறவ எதுக்கு?" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செங்கல் துண்டால் பெரிய பாண்டிக் கட்டம் ஒன்று கிடந்தது. மூன்று அடுக்கு, நடுவில் ஏணி மாதிரி ஒன்று, ஓரங்களில் பலூனுக்கு வட்டங்கள். இருவர் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமிருந்து தாண்ட வேண்டுமாம். ஒருத்தி கண்ணை மூடியிருக்கும்போது மற்றவள் வழி சொல்ல வேண்டும். பொய் வழி சொல்லலாமா கூடாதா என்பதில் சண்டை. சொல்லலாம் என்று ஆறு பேர், கூடாது என்று மற்றவர்கள். தீர்வதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.