ஆனந்தில் ஒரு தலைவர் இருந்தார்

1946 ஜனவரி 4 அன்று, குஜராத்தின் கைரா மாவட்டத்தில் சமர்கா என்ற ஊரில் பால் விவசாயிகள் கூடினார்கள். மொரார்ஜி தேசாய் வந்திருந்தார். பம்பாய் நகரத்துக்குப் பால் அனுப்பும் அரசுத் திட்டம் முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்தது. அந்த மாவட்டத்தின் ஆனந்த் நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் பாலைத் திரட்டி அனுப்பும் உரிமை போல்சன் என்ற தனியார் நிறுவனத்திடம் இருந்தது. எருமைக்குத் தீனி போட்டு, விடியுமுன் எழுந்து கறந்தவருக்கு என்ன விலை என்பதை நடுவில் நின்ற தரகர்கள் முடிவு செய்தார்கள். கூட்டத்துக்கு முன்பே இதைச் சொல்லி முறையிட விவசாயிகள் சர்தார் வல்லபபாய் படேலிடம் போனபோது, அரசாங்கத்திடம் பேசி நல்ல விலை வாங்கித் தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. நீங்களே கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பாலை விற்றுக்கொள்ளுங்கள் என்றார். அரசு அதற்கு இடம் தராவிட்டால் பால் ஊற்றுவதை நிறுத்த வேண்டியிருக்கும், சில நாள் நஷ்டத்தைத் தாங்குவீர்களா என்றும் கேட்டார்.

தாங்கினார்கள். பதினைந்து நாள் போல்சனுக்கு ஊர்களிலிருந்து பால் போகவில்லை. பம்பாய்த் திட்டம் ஆட்டம் கண்டது. அதன் பிறகு அரசு இறங்கிவந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவானது. பின்னாளில் நாடு அமுல் என்று அறிந்துகொண்டது இதைத்தான்.

நல்ல தலைவராவது எப்படி என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு இந்த ஒன்றியத்தின் முதல் தலைவர் நினைவுக்கு வருகிறார். அமுல் என்றால் வர்கீஸ் குரியனைச் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஆனால் குரியனுக்கு முன்னால் அங்கே திரிபுவன்தாஸ் படேல் இருந்தார். 1903இல் பிறந்தவர். 1930 உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர். பொறியியலோ வணிகமோ படித்தவரல்லர். ஊர் ஊராகப் போய், சங்கம் சேருங்கள் என்று மனிதர்களிடம் உட்கார்ந்து பேசியவர். ஒன்றியம் தொடங்கியபோது அதில் சேர்ந்திருந்தவை இரண்டே ஊர்ச் சங்கங்கள்; நாள் ஒன்றுக்கு வந்த பால் ஏறத்தாழ 250 லிட்டர். இன்று ஒரு பெரிய தெருவுக்குக்கூடக் காணாத அளவு. அந்தப் பாலை நம்பி அவர் அலைந்தார்.

குரியன் 1949இல் ஆனந்துக்கு வந்தபோது விருப்பத்தோடு வரவில்லை. கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்து, அரசு உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகனுக்குப் போய்த் திரும்பியவர். உதவித்தொகைக்கு ஈடாக அரசு சொல்லும் இடத்தில் வேலை செய்யவேண்டும் என்ற ஒப்பந்தம் அவரை ஆனந்தின் அரசுப் பாலேட்டுத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து விட்டது. அங்கே செய்ய உருப்படியான வேலை இல்லை. தங்க வீடு கிடைக்காமல் கார் நிறுத்தும் கொட்டகை ஒன்றில் குடியிருந்தார். எப்போது விடுவார்கள் என்று காத்திருந்தார். பக்கத்திலேயே ஒன்றியத்தின் பழைய இயந்திரங்கள் அடிக்கடி பழுதாகும். திரிபுவன்தாஸ் வந்து கூப்பிடுவார். குரியன் போய்ச் சரிசெய்து கொடுப்பார். ஒருநாள், இதைப் பழுதுபார்த்துக் கட்டாது, புதிய இயந்திரம் வாங்குங்கள் என்று குரியன் சொன்னதும், கடன் திரட்டி வாங்கிவிட்டார் திரிபுவன்தாஸ். பிறகு, ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டுக் கிளம்பத் தயாரானவரிடம், இயந்திரம் ஓடத் தொடங்கும்வரையாவது இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். குரியன் இருந்தார். 2012இல் இறக்கும்வரை அவருடைய வீடு அந்தப் பக்கத்திலேயே இருந்தது.

தனக்குத் தெரியாத ஒன்று சங்கத்துக்குத் தேவைப்படுகிறது, அது எதிரே நிற்கும் இளைஞனிடம் இருக்கிறது என்று கண்டுகொள்வது ஒரு திறமை. அதைவிடக் கடினமானது அடுத்த படி. மலையாளி, கிறிஸ்தவர், குஜராத்தி பேசத் தெரியாதவர், சைவ உணவு ஊரில் இறைச்சி உண்பவர், முப்பது வயதுகூட ஆகாதவர். அப்படிப்பட்டவர் கையில் சங்கத்தை நடத்தும் பொறுப்பை ஒப்படைத்தால் சொந்த ஊரார் என்ன சொல்வார்கள் என்று திரிபுவன்தாஸுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒப்படைத்தார். ஒப்படைத்த பிறகு தொழிற்சாலை விஷயங்களில் கைவைக்கவில்லை. விவசாயிகளிடமும் அரசியல்வாதிகளிடமும் பதில் சொல்லும் வேலையைத் தான் எடுத்துக்கொண்டார். தகுதியானவரை வேலைக்குச் சேர்ப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். சேர்த்த பிறகு, அவரை நம் ஆட்களிடமிருந்தே காப்பாற்ற வேண்டியிருக்கும் என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. பல நல்ல நிறுவனங்கள் உடைந்துபோவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அமுலின் கதையில் நான் மிகவும் மதிப்பது ஒரு விதியை. உறுப்பினர் கொண்டுவரும் நல்ல பால் எவ்வளவானாலும் சங்கம் வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. குஜராத்தில் குளிர்காலத்தில் எருமைகள் கோடையைப் போல இரண்டு மடங்கு கறக்கும். பம்பாய் அத்தனையையும் வாங்காது. கோடையில் பாலைக் கேட்டு வாங்கும் சங்கம், குளிரில் வேண்டாம் என்று கதவைச் சாத்தினால், விவசாயி மிச்சப் பாலைத் தரகரிடம்தான் கொண்டுபோக வேண்டும். பழைய வலையிலேயே போய் விழ வேண்டும். ஆகவே மிஞ்சும் பாலைப் பொடியாக்கி வைக்கவேண்டும். ஆனால் எருமைப் பாலில் பொடி செய்ய முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் அப்போது அடித்துச் சொன்னார்கள். உலகத்தில் பால்பொடி என்றால் பசும்பாலில்தான். எருமைப் பால் கொழுப்பு மிகுந்தது.

அதைச் செய்துகாட்டியவர் எச்.எம். தலாயா. மிச்சிகனில் குரியனோடு படித்தவர். நண்பரைப் பார்க்க வந்தவரை ஆனந்திலேயே பிடித்துவைத்துக்கொண்டார்கள். 1955 அக்டோபர் 31 அன்று, சர்தார் படேலின் பிறந்தநாளில், நேரு வந்து பால்பொடித் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். எருமைப் பாலிலிருந்து பொடி தயாரிக்கும் தொழிற்சாலை உலகத்தில் அதற்கு முன் இருந்ததில்லை. நாட்டுக்கு இது பெருமை, உண்மை. ஆனால் அந்த இயந்திரம் எதற்காக வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஒற்றை எருமை வைத்திருக்கும் ஒருத்தி ஜனவரி மாதக் காலையில் கொண்டுவரும் இரண்டு லிட்டரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்காக வந்தது. முதலில் வாக்குக் கொடுத்தார்கள். பிறகு வாக்கைக் காப்பாற்றும் அறிவியலைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். இந்த வரிசை மாறியிருந்தால், கையில் இருக்கும் இயந்திரத்துக்கு ஏற்றபடி வாக்கைச் சுருக்கியிருப்பார்கள். வசதிக்கு ஏற்றபடி வாக்கை வெட்டிக்கொள்ளும் தலைமைகளைத்தான் நாம் அன்றாடம் பார்க்கிறோம்.

ஊர்ச் சங்கத்தின் அன்றாடத்தையும் சொல்ல வேண்டும். காலையும் மாலையும் பால் ஊற்றும் இடத்தில் யார் முதலில் வந்தாரோ அவர் முன்னால் நிற்பார். பெரிய சாதி, சின்ன சாதி என்று தனித்தனி வரிசை கிடையாது. ஒவ்வொருவர் பாலையும் அளந்து, கொழுப்பைச் சோதித்து, அதற்கு ஏற்ற காசைக் கணக்கில் எழுதுவார்கள். தாமதமில்லாமல் காசு கைக்கு வரும். எல்லார் பாலும் ஒரே அண்டாவில்தான் போய் விழும். இருபது எருமை வைத்திருப்பவருக்கும் ஒற்றை எருமைக்காரருக்கும் சங்கத் தேர்தலில் ஒரே ஓட்டு. இதில் யாருடைய உருவப்படமும் இல்லை, யாருடைய பேச்சும் இல்லை. ஆனாலும் தலைமையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது என்பேன். தலைவர் ஊரில் இல்லாத நாளிலும் கடைசியில் நிற்பவருக்கு நியாயம் கிடைக்கும்படி ஓர் ஒழுங்கை வைத்துவிட்டுப் போவதற்கு, தன் முக்கியத்துவம் குறைவதைப் பொறுத்துக்கொள்ளும் மனம் வேண்டும்.

1964இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஆனந்துக்கு வந்தபோது அஜர்புரா என்ற கிராமத்தில் ஓர் இரவு தங்கி, விவசாயிகளிடம் பேசினார். இதையே நாடெங்கும் செய்ய வேண்டும் என்றார். 1965இல் தேசியப் பால்வள வாரியம் அமைந்தது. அலுவலகம் தில்லியில் அல்ல, ஆனந்தில்தான் இருக்கவேண்டும் என்பது அதன் தலைமையை ஏற்கக் குரியன் வைத்த நிபந்தனை. தில்லியில் உட்கார்ந்தால் விவசாயி தவிர மற்ற எல்லாரையும் நினைக்க வேண்டிவரும் என்று அவர் கருதினார். சம்பளத்தையும் அவர் விவசாயிகளின் ஒன்றியத்திலிருந்தே பெற்றுக்கொண்டார், வாரியத்திடம் வாங்கவில்லை. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம், ஐரோப்பாவிலிருந்து நன்கொடையாக வந்த பால்பொடியையும் வெண்ணெய் எண்ணெயையும் இங்கே விற்று, அந்தப் பணத்தில் ஊர்ச் சங்கங்களை வளர்த்தது. நன்கொடை ஒரு நாட்டின் உழவரைக் கெடுக்கவும் செய்யும் என்று தெரிந்திருந்ததால்தான் அதை இப்படித் திருப்பிவிட முடிந்தது.

தமிழ்நாட்டுக்கும் அந்த வடிவம் வந்தது. ஊரில் பால் சொசைட்டி, மாவட்டத்தில் ஒன்றியம், மாநிலத்தில் ஆவின் என்ற மூன்றடுக்கு ஆனந்தில் பிறந்ததே. ஆனால் மேலடுக்கை நடத்துபவர் அரசு அனுப்பும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவர்களில் மிகத் திறமையானவர்கள் இருந்திருக்கிறார்கள். குறை தனிமனிதர்களிடம் இல்லை. சிறிது காலத்தில் வேறு துறைக்குப் போய்விடக்கூடியவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதுதான் கேள்வி. திரிபுவன்தாஸ் நாற்காலியில் அமர்ந்தது பால் ஊற்றுபவர்களின் ஒப்புதலால். குரியனை அவர் அமர்த்தியதும் அவர்கள் பெயரால். அமுலின் கட்டடத்தையும் கணக்குமுறையையும் பல மாநிலங்கள் எடுத்துக்கொண்டன. இந்தப் பதில் சொல்லும் கடமையை எடுத்துக்கொண்டவை குறைவு.

இனி எழுதப்போவது எனக்கு எளிதாக இல்லை. குரியனை நான் இந்நாட்டின் மிகப் பெரிய மனிதர்களில் ஒருவராக எண்ணுகிறேன். அவர் 33 ஆண்டுகள் வாரியத்தின் தலைவராக இருந்து, 1998இல் விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர் அவரே வளர்த்த அம்ரிதா படேல். சில ஆண்டுகளில் இருவருக்கும் கொள்கை வேறுபாடு முற்றியது, வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள். 2006இல், அமுல் பொருள்களை விற்கும் குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனை இணையத்தின் தலைவர் பதவியிலிருந்தும் குரியன் விலக வேண்டிவந்தது. எதிர்த்து நின்றவர்கள் அவர் கட்டிய ஒன்றியங்களின் தலைவர்கள். அப்போது அவருக்கு வயது 84. கூட்டுறவின் அடிப்படை கரைந்துவிடுமோ என்ற அவருடைய அச்சம் வெறும் பதவி ஆசை அல்ல; அதில் உண்மையும் இருந்தது. ஊரகத் தொழில்களுக்கு மேலாளர்களை உருவாக்க 1979இல் ஆனந்தில் தனிக் கல்வி நிறுவனமே தொடங்கியவர் அவர். அடுத்த தலைமுறை வரவேண்டும் என்று அறியாதவரல்லர். ஆனாலும் தான் வளர்த்தவர்கள் தன்னைப்போல் எண்ணாதபோது அதைத் தாங்குவது அவருக்கு முடியாமல் போயிற்று. இத்தனை பெரியவருக்கே அது முடியவில்லை என்றால், அலுவலகத்திலோ பள்ளியிலோ கட்சியிலோ பத்துப் பேருக்குத் தலைவராக இருக்கும் நமக்கு அது தானாக வந்துவிடும் என்று நம்பக் கூடாது. அதற்கான பயிற்சி பதவி முடியும்போது தொடங்க வேண்டியதல்ல. முதல் நாளிலிருந்தே, சின்னச் சின்ன முடிவுகளில், அடுத்தவர் நம்மை மறுத்துச் செய்ததை நிற்கவிட்டுப் பழக வேண்டியது.

திரிபுவன்தாஸ் 1970களின் தொடக்கத்தில் ஒன்றியத் தலைவர் பதவியிலிருந்து தாமாகவே விலகினார். கால் நூற்றாண்டு அந்த இடத்தில் இருந்தவருக்கு ஊர்ச் சங்க உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டுப் பணமுடிப்புத் தந்தார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு அவர், கைரா மாவட்டக் கிராமங்களில் தாய், குழந்தை நலத்துக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். கிராமத்துப் பெண் ஒருவரைப் பயிற்றுவித்து நல ஊழியராக்கி, கர்ப்பிணிகளையும் பச்சைக் குழந்தைகளையும் வீட்டுக்கே போய்ப் பார்க்கவைக்கும் வேலை அது. பால் ஊற்ற வரும் பெண்களின் வீடுகளில் எருமைக்கு மருத்துவர் வருகிறார், பிள்ளை பெற்றவளுக்கு வருவதில்லை என்பதை இத்தனை ஆண்டுகள் அந்த ஊர்களில் நடந்தவர் கண்டிருந்தார். 1994இல் இறக்கும்வரை அந்த வேலையிலேயே கண்ணாக இருந்தார். ஒன்றியத்தைப் புதியவர்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள்.