இரவல்

அக்கா மகனிடம் இருப்பது அறுநூறு வெள்ளிக்கு வாங்கிய கைப்பேசி. கண்ணாடியின் ஒரு மூலை கீறல் விட்டிருக்கிறது. அதில் அவன் ஆடிக்கொண்டிருந்ததோ நாலாயிரம் வெள்ளிக் கணினியையும் மூச்சு வாங்க வைக்கும் விளையாட்டு. சுங்கை செம்பிலாங் பக்கம், செம்பனைக் காட்டை ஒட்டிய வீடு. வாசல் திண்ணையில் உட்கார்ந்து குதிரையில் மலையேறிக்கொண்டிருந்தான்.

"எப்படிடா இதுல ஓடுது?"

"இதுல ஓடல மாமா. அங்க ஓடுது. இங்க வீடியோதான் வருது."

அங்க என்றால் எங்கே என்று அவனுக்கும் தெரியாது. சிங்கப்பூரா இருக்கும் என்றான். விஷயம் அவ்வளவுதான். எங்கோ குளிரூட்டிய கட்டடத்தில் ஒரு கணினி விளையாட்டை இயக்குகிறது. அதன் திரையில் தெரிய வேண்டியதைக் காணொளியாகச் சுருக்கி அனுப்புகிறது. இவன் விரல் பட்டால் அந்தச் செய்தி அங்கே போய், குதிரை திரும்பி, திரும்பிய படம் இங்கே வர வேண்டும். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 17 மில்லிநொடிகூட இல்லை. மழை வந்து லைன் படுத்தால் குதிரை பள்ளத்தில் விழுந்த பிறகுதான் கடிவாளம் இழுபடும். 10 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் ஆடினால் ஏறக்குறைய 4.5 ஜிபி போய்விடும். மாதச் சந்தா தனி.

மூன்று மாதம் ஆடினான். ஒருநாள் அந்த விளையாட்டு பட்டியலில் இல்லை. ஏதோ ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். அவன் ஏறிய மலை, சேர்த்த குதிரைகள் எல்லாம் எங்கோ ஒரு கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. திறக்கத்தான் வாசல் இல்லை. இரண்டு நாள் மூஞ்சைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அம்மாதான் கேட்டார்: "காசு குடுத்துதானே ஆடுன, அப்புறம் எப்படிப் புடுங்குவான்?" விளக்கினேன். கேட்டுவிட்டு, "நம்ம லயத்து வீடு மாதிரின்னு சொல்லு" என்றார். அதற்குப் பிறகு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் அந்த வார்த்தை விடவில்லை.

முதலில் மறுக்கத்தான் தோன்றியது. வீடு வேறு, விளையாட்டு வேறு. வட சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்ற ஐந்து தோட்டத்து மக்களும் வீட்டுக்காக எத்தனை ஆண்டு அலைந்தார்கள் என்று இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அந்த வலியோடு ஒரு பையனின் தொலைந்த குதிரையைச் சேர்த்துப் பேசுவது கொஞ்சம் அசிங்கமாகக்கூடப் பட்டது. ஆனால் அம்மா வலியை ஒப்பிடவில்லை. 'இருக்கிற வரைக்கும் இருந்துக்கோ' என்று ஒருவர் சொல்ல, அதற்குள் இன்னொருவர் வாழ்க்கை நடத்துகிற அந்த ஏற்பாட்டைச் சொன்னார்.

ஜான் லாக் 1689இல் வெளிவந்த நூலில் சொத்துக்கு ஒரு நியாயம் சொல்கிறார்: யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுடையதாகிறது. கல்லூரியில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உழைப்பைக் கலந்தால் சொந்தமாகும் என்றால் இந்தத் தோட்டமெல்லாம் யாருக்கு? காட்டை அழித்தவன், பால் வெட்டினவன், செம்பனைக் குலை சுமந்தவன் எல்லாரும் லயத்தில் இருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும். லாக்குக்கு இதற்கும் பதில் உண்டு. வேலைக்காரன் வெட்டிய புல்லும் எஜமானுடையதுதான் என்று அதே நூலில் எழுதிவிட்டார். கெட்டிக்காரர்.

1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். கெடாவின் புக்கிட் சீடிம்தான் முதல் தோட்டம். துரையிடம் கருணை கேட்காமல், துண்டாடப்படும் முன் வாங்கிவிடு என்றார். அனுமதியில் வாழ்வதற்கும் உரிமையில் வாழ்வதற்கும் உள்ள தூரத்தை அவ்வளவு தெளிவாகக் கண்ட அரசியல்வாதிகள் நமக்கு அதிகம் இல்லை.

விளையாட்டு உலகத்தில் இந்தத் தூரத்தை எல்லாரும் பார்த்தது கூகுளின் ஸ்டேடியா மூடப்பட்டபோது. 2019 நவம்பரில் தொடங்கி, 2023 ஜனவரி 18ஆம் தேதி மூடிவிட்டார்கள். வாங்கிய விளையாட்டுகளுக்குக் காசைத் திருப்பித் தந்தார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரே விளையாட்டில் 6,000 மணி நேரத்துக்குக் கிட்ட செலவழித்த ஒருவர், என் பாத்திரத்தை வேறு தளத்துக்கு மாற்றித் தாருங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். காசுக்குக் கணக்கு இருக்கிறது. அந்த மணிகளுக்கு எந்த ரசீது? 2009இல் அமேசான், விற்பனை உரிமை இல்லாதவர் விற்ற பதிப்பு என்று சொல்லி, வாசகர்களின் கிண்டிலிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'ஐ அழித்தது. அங்கேயும் காசு திரும்பி வந்தது. வேறு எந்தப் புத்தகத்தை அழித்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக இருந்திருக்காது.

இவ்வளவு எழுதிவிட்டு என் பக்கத்து ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். சொந்தம் சொந்தம் என்று பேச எனக்குச் சுலபம். என்னிடம் கணினி இருக்கிறது. நாலாயிரம் வெள்ளி சேரும்வரை காத்திரு என்று அவனிடம் சொன்னால், அவன் ஆடவே மாட்டான் என்றுதான் அர்த்தம். சந்தாவும் டேட்டாவும்தான் அந்த மலையை இந்தத் திண்ணைக்குக் கொண்டு வந்தன. லயத்து வீட்டைத் திட்டுகிற நாங்களும் அந்தக் கூரைக்குக் கீழேதான் படித்து வெளியே வந்தோம். அனுமதி என்பது ஒன்றுமே இல்லை என்று பேசுவது அதில் வாழ்ந்தவர்களை அவமதிப்பது. அதோடு, என் இளமையில் பசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கு வாங்கிய குறுந்தட்டுகள் (திருட்டுப் பிரதிதான், மறைக்க என்ன இருக்கிறது) இன்று ஒன்றும் ஓடுவதில்லை. பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. கையில் இருப்பதும் போகத்தான் செய்கிறது.

அப்படியானால் எதைத்தான் இழந்தோம் என்று யோசிக்கும்போது, அந்தத் தட்டுகள் என்னிடம் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் நினைவுக்கு வருகிறது. பின் லயத்துப் பையன் கொண்டுபோனான், அவனிடமிருந்து ஜெராம் வரைக்கும் போய், கீறலோடு மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது. ஒன்று வரவேயில்லை. அதற்காக ஒருவனோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தேன். சொந்தம் என்பதில் வைத்துக்கொள்கிற பாதியைத்தான் நாம் எப்போதும் பேசுகிறோம். எடுத்துக் கொடுக்கிற பாதி இருக்கிறதே, அது இல்லாதவனுக்குத் தாராளமும் கிடையாது, கஞ்சத்தனமும் கிடையாது, துரோகம்கூடக் கிடையாது. என் மருமகன் நண்பனுக்கு அந்த விளையாட்டை இரவல் தர முடியாது. தராமல் இருக்கவும் முடியாது. அவன் நல்லவனா கெட்டவனா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. சேவை விதிமுறையில் யாரோ ஏற்கெனவே பதில் எழுதிவிட்டார்கள்.

இப்படி நினைத்துக்கொண்டு போன வாரம் அங்கே போயிருந்தேன். வேறு விளையாட்டில் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தான், இந்த முறை கப்பல். பக்கத்து வீட்டுச் சின்னப் பையன் தோளை உரசிக்கொண்டே நின்றான்.

"அண்ணே, எனக்குக் கொஞ்சம் குடுண்ணே."

இவன் என்னைப் பார்த்தான், மூலையில் டேட்டா எவ்வளவு மிச்சம் என்று பார்த்தான். பிறகு கைப்பேசியையே தூக்கிக் கொடுத்துவிட்டான்.

"பத்து நிமிஷம்தான். கப்பல முட்டாத."

முட்டினான்.