எந்த வாசலில் மணி அடிப்பது?

தமிழில் ‘வழக்கு’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். ஊரில் புழங்கிவரும் நடைமுறையும் வழக்கு. நீதிமன்றத்தில் தொடுப்பதும் வழக்கு. ஓர் ஊரின் நடைமுறை அறிந்தவர்களே அந்த ஊரின் பிணக்கைத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணம் இந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. பணம் கடல் கடக்கும்போது அந்த எண்ணம் தடுமாறுகிறது. கொடுத்தவர் ஒரு நாட்டில், வாங்கியவர் இன்னொரு நாட்டில், ஒப்பந்தம் மூன்றாவது நாட்டின் சட்டத்தில் என்றால் யார் விசாரிப்பது?

இது வழக்கறிஞர்களுக்கு மட்டுமான கேள்வி அல்ல. இரண்டு நாடுகளில் வங்கிக் கணக்கும், ஊரில் ஒரு துண்டுக் காணியும் வைத்திருக்கும் நமக்கு இது வீட்டுக் கேள்வி. கணக்குத் திறக்கும்போது நாம் படிக்காமல் கையொப்பமிடும் பொடி எழுத்துகளில், பிணக்கு வந்தால் எந்த நாட்டு நீதிமன்றம் என்பதும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும்.

அவுஸ்திரேலியாவின் அகாய் நிறுவனம், தன்னிடம் கடனுக்குப் பொருள் வாங்குவோர் பணம் தராவிட்டால் ஈடு கிடைக்கும்படி, சிங்கப்பூரின் பீப்பிள்ஸ் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் காப்புறுதி எடுத்திருந்தது. பிணக்கு வந்தால் இங்கிலாந்துச் சட்டம், இங்கிலாந்து நீதிமன்றம் என்பது ஒப்பந்தம். பொருள் வாங்கிய நிறுவனம் ஒன்று நொடித்துப்போனது. காப்புறுதி நிறுவனம் ஈடு தர மறுத்தது. அகாய் நியூ சவுத் வேல்ஸில் வழக்குத் தொடுத்தது. 1984ஆம் ஆண்டுக் காப்புறுதி ஒப்பந்தச் சட்டம் தரும் பாதுகாப்பை ஒரு நிபந்தனையால் தட்டிக்கழிக்க முடியாது, வழக்கு இங்கேயே நடக்கலாம் என்று 1996இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே லண்டன் நீதிமன்றம், கொடுத்த வாக்கு வாக்குத்தான், அங்கே வழக்கைத் தொடராதே என்று அகாய்க்குத் தடை விதித்தது.

இரண்டும் நேர்மையான நீதிமன்றங்கள். ஒன்று கையொப்பத்தின் மதிப்பைக் காத்தது. மற்றது கையொப்பமிட்டவரின் பாதுகாப்பைக் காத்தது. இரண்டும் அறம்தான். சட்டப் புத்தகத்தை மட்டும் புரட்டி இதற்கு விடை காண முடியாது என்று நான் நினைப்பது அதனால்தான்.

இங்கிலாந்தில் 1986இல் ஸ்பிலியாடா வழக்கு வகுத்த அளவுகோல், வேறொரு நாட்டு நீதிமன்றம் தெளிவாகக் கூடுதல் பொருத்தமானதா என்று கேட்கிறது. அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1990இல் மனில்ட்ரா மாவு ஆலை வழக்கில் கேள்வியைத் தன் பக்கமே திருப்பியது: நாம் இதை விசாரிப்பது தெளிவாகவே பொருத்தமற்றதா? அந்த வழக்கில் விடை ‘ஆம்’. அமெரிக்க மிசூரி மாநிலத்துக் கணக்காளர் ஒருவரின் வேலை பற்றிய குற்றச்சாட்டு அது. இங்கே தொடுத்த வழக்கு நிறுத்தப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரனின் தராதரத்தை எடைபோடாமல் தன் தகுதியை மட்டும் கேட்டுக்கொள்ளும் இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் அடக்கம் மட்டும் போதுமா? போபாலை நினைத்துப் பாருங்கள். 1984 விஷவாயுக் கசிவுக்குப் பிறகு வழக்கு நியூயோர்க் போனது. எங்கள் நீதிமன்றங்களால் இதைத் தாங்க முடியாது என்று இந்திய அரசே அங்கு வாதிட்டது. இந்திய நீதித்துறை மிகத் திறமையானது என்று யூனியன் கார்பைட் புகழ்ந்தது. அதற்குச் சான்றுரை தந்தவர் புகழ்பெற்ற இந்திய வழக்கறிஞர் நானி பல்கிவாலா. 1986இல் வழக்கு இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டது. 1989இல் 470 மில்லியன் டொலருக்குச் சமரசமானது. ஒரு நீதிமன்றத்தைப் புகழ்கிறவர் யாரென்று பார்த்தால், அங்கே யாருக்குச் செலவு குறையும் என்பது பல நேரம் தெரிந்துவிடும்.

மறுபக்கமும் உண்டு. 2009இல் திமோர்க் கடலில் மொன்டாரா எண்ணெய்க் கிணறு கசிந்தது. கடற்பாசி வளர்த்து வாழ்ந்த 15,000க்கும் மேற்பட்ட இந்தோனேசியர்களுக்கான வழக்கு சிட்னியிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்தது. 2021இல் அவர்கள் பக்கம் தீர்ப்பு, 2022இல் 192.5 மில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்கு உடன்பாடு. கிணற்றை நடத்திய நிறுவனம் கைக்கெட்டும் இடத்தில் கதவு திறந்திருந்தது.

பொருத்தமான இடம் என்பது விரைவான இடம் என்றும் ஆகாது. மெல்பேர்ண் ஏஎன்ஸெட் வங்கிக்குச் சொந்தமாயிருந்த கிரிண்ட்லேஸ், 1992 பங்குச்சந்தை ஊழலில் இந்தியாவின் தேசிய வீடமைப்பு வங்கியோடு பிணக்குப்பட்டது. காசோலைகள், கணக்குகள், சாட்சிகள் எல்லாம் அங்கே. பிணக்கும் அங்கேயே நடந்தது, 2002இல்தான் சமரசமாயிற்று. பத்தாண்டு என்பது நீளம். இருந்தும் இடம் தவறல்ல.

நமக்குத் தெரிந்த மிகப் பழைய கடல் கடக்காத வெளிநாட்டு வழக்கு கண்ணகியினுடையது. அவள் சோழநாட்டுப் புகாரைச் சேர்ந்தவள், வாசல் பாண்டியனுடையது. நீ சோழக் குடி, உன் மன்னனிடம் போய்ச் சொல் என்று அவன் கதவடைத்திருக்கலாம். புகாரில் நீதி கிடைத்திருக்கும். ஆனால் உடைத்துப் பார்க்க வேண்டிய சிலம்பும், பதில் சொல்ல வேண்டியவனும் மதுரையில் இருந்தார்கள். அவள் சரியான வாசலுக்குத்தான் போனாள். ஆனால் அங்கே குற்றம் சாட்டப்பட்டவனே நீதிபதி. தன் தவறு தெரிந்ததும் உயிர் விடும் மன்னர்களை நம்பி யாரும் சட்டம் எழுத முடியாது. 2015இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் இலங்கைக்குச் சர்வதேச நீதிபதிகளும் பங்குபெறும் கலப்பு நீதிமன்றத்தைப் பரிந்துரைத்ததன் பின்னாலும் இந்தக் கவலைதான் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பவை இரண்டு. சான்றை எங்கே திறந்து பார்க்க முடியும்? பலமுள்ளவன் எங்கே தப்ப முடியாது? இரண்டுக்கும் விடை ஒரே ஊராக இருந்தால் பிரச்சினை இல்லை. வேறு வேறாக இருந்தால் இரண்டாவதையே தேர்வேன். சான்றைப் பெட்டியில் போட்டுக் கடல் கடத்தலாம். தப்பியவனை அப்படிக் கொண்டுவர முடியாது. இந்த விதியை நான் பிரதிவாதியாக நிற்கும் நாளிலும் ஏற்க வேண்டும். வழக்காளியாக இருக்கும்போது மட்டும் இனிக்கும் விதி விதியல்ல, வசதி.