கைராசியைக் குப்பையில் போடு!

"எனக்குக் கைராசி இல்லைங்க. எதைப் போட்டாலும் முளைக்காது." மாடித்தோட்டம் என்று பேச்செடுத்தாலே பாதிப் பேர் இப்படிச் சொல்லி நழுவிவிடுகிறார்கள். நண்பா, முதலில் இந்தப் பேச்சை வீட்டை விட்டுத் துரத்து! விதைக்கு உன் கைரேகையும் தெரியாது, ஜாதகமும் தெரியாது. ஈரம், காற்று, சூடு இந்த மூன்றும்தான் தெரியும். மூன்றில் எதைக் கொடுக்கத் தவறினாய் என்று கேட்கிற தைரியம் உனக்கு வேண்டும்.

நூறு மிளகாய் விதை போட்டு அறுபதுதான் வந்தது என்றால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவாயா? நம் நாட்டின் விதைச் சான்றுத் தரமே மிளகாய்க்கு 60 சதவீத முளைப்புத்திறன் இருந்தால் போதும் என்கிறது. வெண்டைக்கு 65, தக்காளிக்கும் கத்தரிக்கும் 70. சில விதைகள் போகும் என்று கணக்குப் போட்டுத்தான் விவசாயமே நடக்கிறது. நீ நாலே நாலு விதை ஊன்றிவிட்டு, நாலும் வரவில்லை என்று தொட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறாய்!

பாகல் விதையை எடு. ஓடு கெட்டியானது. அப்படியே புதைத்துவிட்டு மறுநாளே எட்டிப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கூர்முனை ஓட்டை நகவெட்டியால் லேசாக நறுக்கு; உள்ளே இருக்கும் பருப்பில் படக் கூடாது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். காலையில் ஈரத்துணியில் முடிந்து, டப்பாவில் போட்டு, அடுப்படியில் கதகதப்பான ஓரமாக வை. முளை தெரிந்ததும் மண்ணுக்கு மாற்று.

வரவில்லையா? துணியைத் தொட்டுப் பார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் விதை மூச்சுமுட்டிச் செத்திருக்கும். அடுத்த முறை நன்றாகப் பிழிந்து கட்டு. மார்கழிப் பனியில் போட்டாயா? இன்னும் சூடான இடம் தேடு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது கைகொடுத்தது என்றே தெரியாது. பஞ்சகவ்யத்தில் ஊறவைத்தால் நன்றாக வரும் என்கிறார்களே, உண்மையா? யார் சொன்னாலும் நம்பாதே, நான் சொன்னாலும் நம்பாதே! பத்து விதையை 3 சதவீதக் கரைசலில் போடு, பத்தை வெறும் தண்ணீரில் போடு, நீயே எண்ணிப் பார்.

ஒரு விதைக்குச் சரிப்பட்டது இன்னொன்றுக்குச் சரிப்படாது. கீரை விதையை மணலோடு கலந்து மேலாகத் தூவு. ஆழப் புதைத்தால் மேலே வர அதற்குத் தெம்பு கிடையாது. முள்ளங்கி மூன்று நாலு நாளில் தலைகாட்டும், மிளகாய் பத்து நாளுக்கு மேலும் சோதிக்கும். சௌசௌவுக்கு விதையைப் பிரிக்கவே வேண்டாம், முற்றிய முழுக்காயே முளைவிடும். முளைத்த நாற்று தண்டோரம் அழுகிச் சாய்ந்தால் அது நாற்றழுகல். தண்ணீரைக் குறை, அடுத்த முறை விதையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து போடு.

நம் பாட்டிமார் எந்தக் கல்லூரிக்குப் போனார்கள்? பூசணி, சுரை விதைகளைச் சாணியில் பதித்துச் சுவரில் தட்டி வைத்தார்கள். கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டிக் காப்பாற்றினார்கள். தென்மாவட்டத்துப் பெண்கள் இன்றும் இருட்டறையில் தண்ணீர் தெளித்துத் தெளித்து முளைப்பாரி வளர்க்கிறார்கள். அதைக் கைராசி என்று சொல்லி அவர்கள் உழைப்பை அவமானப்படுத்தாதே!

பொறுமைக்கு ஒரு கதை கேள். அமெரிக்காவின் மிச்சிகனில் 1879இல் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர் விதைகளை 20 புட்டிகளில் அடைத்து மண்ணில் புதைத்தார். எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்று பார்க்க ஆசை. அவர் 1924இல் இறந்துவிட்டார். பின்வந்தவர்கள் 2021இல் ஒரு புட்டியைத் தோண்டி எடுத்தார்கள். 142 வருடம் கழித்தும் சில விதைகள் முளைத்தன! கடைசிப் புட்டியைத் திறக்கப்போவது 2100இல். (அவை பெரும்பாலும் களை விதைகள். உன் வெங்காய விதை ஒரு வருடம் போனாலே சோர்ந்துவிடும், பழைய பொட்டலத்தை நம்பாதே.) தன் ஆயுளுக்குள் முடியாது என்று தெரிந்தே ஒரு மனிதன் சோதனையைத் தொடங்கினான். உனக்கு ஒரு வாரம் காத்திருக்க முடியாதா?

ஒரு பழைய நோட்டை எடு. தேதி, விதையின் பெயர், எத்தனை போட்டாய், எத்தனை வந்தது, எழுது. முளைக்காததையும் வெட்கப்படாமல் எழுது. இன்று இரவே பத்துப் பாகல் விதையை முனை நறுக்கித் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுக்கப் போ!