கோடை விடுமுறையில் குழந்தை எடுக்கும் புத்தகம்

தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஏப்ரல் கடைசியில் மூடி ஜூன் தொடக்கத்தில் திறக்கின்றன. நடுவில் கிடைக்கும் ஐந்தாறு வாரம்தான் ஒரு குழந்தைக்கு ஆண்டிலேயே பாடத்திட்டம் தொடாத நீண்ட காலம். வீட்டுப்பாடம் இல்லை, தேர்வு இல்லை, காலையில் மணியடித்து எழுப்புவார் இல்லை. இந்த நாட்களில் ஒரு குழந்தை புத்தகத்தைக் கையில் எடுத்தால் அது தானாக எடுத்ததாகவே இருக்க முடியும். கோடை வாசிப்பின் சிறப்பும் சிக்கலும் இங்கேதான் இருக்கின்றன. நூலகமும் குடும்பமும் சேர்ந்து எத்தனையோ ஏற்பாடு செய்யலாம். ஆனால் எந்தப் புத்தகம் என்று முடிவு செய்யும் உரிமை குழந்தையிடம் இல்லாவிட்டால், விடுமுறை வாசிப்பு இன்னொரு பள்ளிக்கூடமாகிவிடும்.

விடுமுறைக்கென்று நூலகங்கள் தனியாக ஏற்பாடு செய்யும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அமெரிக்காவில் தொடங்கியது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகர நூலகர் கரோலின் ஹெவின்ஸ் குழந்தைகளைக் கூட்டி வைத்து நூல்களைப் பற்றிப் பேசினார். கிளீவ்லாந்து நூலகம் 1897இல் சிறுவர்களுக்கென ஒரு சங்கத்தையே அமைத்தது. நூறாண்டு கழித்து, 1999இல், இங்கிலாந்தில் கோடை வாசிப்புச் சவால் பிறந்தது. விடுமுறைக்குள் நூலகத்திலிருந்து ஆறு நூல்கள் எடுத்துப் படிக்க வேண்டும். எந்த ஆறு என்பது குழந்தையின் விருப்பம். எண்ணிக்கையைச் சிறிதாக வைத்து, தேர்வைத் திறந்துவிட்ட அந்த முடிவு நல்ல முடிவு.

இத்தகைய திட்டங்களுக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுவது, நீண்ட விடுமுறையில் குழந்தைகள் கற்றதை மறக்கிறார்கள் என்ற வாதம். அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 1996இல் வெளியிட்ட கட்டுரை, கோடையில் சராசரியாக ஒரு மாதப் பாடம் அளவுக்குப் பின்னடைவு ஏற்படுவதாகக் கணக்கிட்டது. வாசிப்பில் மட்டும் நடுத்தர வர்க்கத்துக் குழந்தைகள் சற்று முன்னேற, ஏழைக் குழந்தைகள் பின்தங்கினர் என்றும் அது காட்டியது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இந்த அளவீட்டை ஐயுற்றனர். தேர்வுத்தாள்களுக்கு மதிப்பெண் இடும் முறையை மாற்றினால் முடிவும் மாறுகிறது என்று பால் வான் ஹிப்பெல் 2019இல் எழுதினார். அந்த விவாதம் முடியவில்லை. முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு வீட்டில் நாற்பது புத்தகம் இருக்கிறது, அடுத்த தெருவில் இன்னொரு வீட்டில் பாடப்புத்தகம் தவிர ஒன்றுமில்லை. பள்ளி மூடியதும் அந்த இரண்டாவது வீட்டுக் குழந்தைக்குப் படிக்க எதுவுமே இல்லாமல் போகிறது. இதை அறிய அளவுகோல் வேண்டாம், கண் இருந்தால் போதும்.

ரிச்சர்ட் அலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் முதலிய ஆய்வாளர்கள் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஃபுளோரிடா மாநிலத்தில் வறுமை மிகுந்த பகுதிகளின் பள்ளிகளில் படித்த சிறு குழந்தைகளுக்கு, மூன்று கோடைகள் தொடர்ந்து, கோடைக்குப் பன்னிரண்டு புத்தகங்கள் கொடுத்தார்கள். ஒரு புத்தகக் கண்காட்சியை விரித்து வைத்து, குழந்தைகளையே எடுக்கச் சொன்னார்கள். பாட்டுக்காரர்களையும் திரை நட்சத்திரங்களையும் பற்றிய எளிய நூல்களுக்குக் குழந்தைகளிடம் நல்ல வரவேற்பு இருந்தது. எந்த இலக்கிய ஆசிரியரும் அவற்றைப் பரிந்துரைத்திருக்க மாட்டார். ஆனால் 2010இல் வெளிவந்த முடிவின்படி, புத்தகம் பெற்ற குழந்தைகளின் வாசிப்புத் திறன் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. கோடைக்காலச் சிறப்பு வகுப்பு தரும் பயனுக்கு அது ஒப்பாக இருந்தது. அங்கே வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. குழந்தைகள் தாமே விரும்பி எடுத்த புத்தகங்கள் வீட்டில் இருந்தன, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் ஒரு கிளை நூலகத்துக்குள் பெற்றோரும் பிள்ளையுமாக நுழையும்போது நடப்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம். குழந்தையின் கை பட்டை பட்டையாக வண்ணம் அடித்த அட்டையை நோக்கிப் போகும். பெற்றோரின் கை பொது அறிவு வினா-விடைத் தொகுப்பை நோக்கியோ, பெரியோர் வரலாற்றை நோக்கியோ போகும். “இதெல்லாம் குட்டிப் பாப்பா படிக்கிறது, நீ இப்போ ஆறாவது” என்று சொல்லி, எடுத்த படக்கதையைத் திருப்பி வைக்கச் செய்வார்கள். பிள்ளை முன்னேற வேண்டும் என்ற உண்மையான அக்கறைதான் அது. இருந்தாலும் அந்த ஒரு நிமிடத்தில் குழந்தை கற்றுக்கொள்வது, இங்கே தன் விருப்பத்துக்கு இடமில்லை என்பதை. 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸை ஒளித்து வைத்துப் படித்த சிறுவர்கள் பலர். அவர்களில் எத்தனையோ பேர் பின்னாளில் கனமான நூல்களைத் தேடிப் போனார்கள். படிப்பது இன்பம் என்ற நம்பிக்கை ஒருமுறை ஊன்றிவிட்டால், அடுத்த புத்தகம் தானே கூப்பிடும். படித்ததையே பத்து தடவை படிப்பதும், பிடிக்காத நூலைப் பாதியில் மூடி வைப்பதும் இதே உரிமையின் பகுதிகள். பெரியவர்கள் எல்லாரும் அப்படித்தான் படிக்கிறார்கள். குழந்தைக்கு மட்டும் வேறு விதி எதற்கு?

நூலகவியலின் அடிப்படையிலேயே இந்த எண்ணம் உண்டு. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்கிறது. இந்த விதிகளில் வயதுவரம்பு இல்லை. 1924இல் இலண்டனுக்குப் படிக்கப் போன ரங்கநாதனுக்கு ஆசிரியராக அமைந்தவர் கிராய்டன் நூலகத்தின் தலைவர் பெர்விக் சேயர்ஸ். சிறுவர் நூலகங்களுக்கென்றே கையேடு எழுதியவர் அவர். நூலகரின் வேலை குழந்தையைத் திருத்துவதன்று, அதன் முகத்தைப் பார்த்து இரண்டு மூன்று நூல்களை முன்னே வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பது. யானை பிடிக்கும் என்று சொன்ன குழந்தையிடம் யானைக் கதை ஒன்றும், யானையைப் பற்றிய படநூல் ஒன்றும் எடுத்துக் காட்டத் தெரிந்த நூலகர் ஊருக்கு ஒருவர் இருந்தால், கோடை முகாம்கூட இரண்டாம்பட்சம்.

1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன் பயனாக இன்று தமிழ்நாட்டில் 4,500க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இயங்குகின்றன: மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று. வீட்டுவரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாகச் சேர்கிறது. வரி கட்டும் ஒவ்வொரு குடும்பமும் அந்தப் புத்தகங்களுக்கு ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டது என்று பொருள். கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். வேலைக்குப் போகும் தாய்தந்தையர் பிள்ளைகளைக் கூட்டிவர இதைவிட வசதி வேண்டாம். சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று விரிவான பகுதிகள் உண்டு. விடுமுறை நாட்களில் அவை நிரம்பி வழிவதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் கோடை முழுவதும் ஒரு குழந்தையால் நடந்தே போய்வர முடிவது தெருக்கோடியில் இருக்கும் கிளை நூலகத்துக்குத்தான். அக்கறையும் பணமும் முதலில் சேர வேண்டிய இடம் அது.

அங்கே தடையாக நிற்பது பெரும்பாலும் அச்சம். குழந்தைகள் கிழித்துவிடுவார்கள், தொலைத்துவிடுவார்கள் என்று நல்ல படநூல்கள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டப்படுவதுண்டு. தொலைத்தால் காசு கட்ட வேண்டுமே என்று பெற்றோரும் உறுப்பினர் அட்டை வாங்கத் தயங்குகிறார்கள். சிகாகோ நகரப் பொது நூலகம் 2019இல் தாமதக் கட்டணத்தை முழுவதுமாக நீக்கியது. கட்டணத்துக்கு அஞ்சி விலகியிருந்தவர்களில் ஏழைப் பகுதிகளில் வாழ்வோரே அதிகம் என்று கண்டறிந்த பிறகு எடுத்த முடிவு அது. சிறுவர் நூல்களுக்கு மட்டுமாவது, கோடை மாதங்களுக்கு மட்டுமாவது, இந்தத் தளர்வை இங்கும் அளிக்கலாம். அட்டை பிய்ந்து, முனை மடங்கி, பசை ஒட்டிய சிறுவர் நூல் பலர் படித்த நூல். அதற்கு இன்னொரு படி வாங்க வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

கோடை நிகழ்ச்சிகள் பலவகை: கதைசொல்லல், பொம்மலாட்டம், காகித மடிப்பு, ஓவியம், சதுரங்கம், விடுகதைப் போட்டி, எளிய அறிவியல் சோதனை. கத்திரி வெயில் காலத்தில் காலை பதினோரு மணிக்குள் முடித்துவிடுவதோ மாலை நான்கரைக்கு மேல் தொடங்குவதோ நல்லது. எந்த நிகழ்ச்சியானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வந்த ஐம்பது குழந்தைகளில் எத்தனை பேர் கையில் புத்தகத்தோடு வீடு திரும்பினார்கள்? படம் வரைந்து, பிஸ்கட் வாங்கிக்கொண்டு, குழுப்படம் எடுத்துக்கொண்டு கலைந்தால், அந்தக் கூட்டத்தைக் கல்யாண மண்டபத்திலும் நடத்தியிருக்கலாம். குரங்குக் கதை சொன்ன அன்று குரங்கு வரும் ஏழெட்டு நூல்களைப் பக்கத்து மேசையில் பரப்பி வைப்பது, காற்றாடி செய்த அன்று காற்றைப் பற்றிய ‘துளிர்’ சிறுவர் அறிவியல் இதழ்களை எடுத்து வைப்பது போன்ற சிறு வேலைகள்தாம் நிகழ்ச்சியை வாசிப்போடு சேர்க்கும். இதற்குச் செலவு கிடையாது. நூலகருக்கோ வாசகர் வட்டத்தினருக்கோ அந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பரிசுகளைப் பற்றிச் சற்று நின்று யோசிக்க வேண்டும். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் மூவர் ஒரு மழலைப்பள்ளியில் செய்த ஆய்வை 1973இல் வெளியிட்டார்கள். வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகளிடம் வரையும் ஆசை மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. முன்பு விளையாட்டாக இருந்தது கூலிக்குச் செய்யும் வேலையாகிவிட்டது. கோடையில் ஐம்பது நூல் படித்தவருக்குக் கேடயம் என்று அறிவிக்கும்போதும் இது நேரலாம்: மெலிந்த நூல்களாகத் தேடி எடுப்பார்கள், பக்கங்களைத் தள்ளுவார்கள், தட்டுத்தடுமாறிப் படிக்கும் குழந்தை பத்தாம் நாளே ஒதுங்கிக்கொள்ளும். அதற்காகப் பரிசே கூடாது என்பதில்லை. பார்பரா மரினாக், லிண்டா கேம்பிரெல் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பரிசாகப் புத்தகமே பெற்ற குழந்தைகளின் வாசிப்பு ஆர்வம் குறையவில்லை. பொம்மை போன்றவற்றைப் பெற்றவர்களிடம் ஆர்வம் தளர்ந்தது. கேடயத்துக்கு ஆகும் தொகையில் மூன்று நல்ல சிறுவர் நூல்கள் வாங்கிவிடலாம். வந்த எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று, அவர்களே எடுத்துக்கொள்ளும்படி கொடுத்தால், போட்டியும் இல்லை, தோற்றவரும் இல்லை.

வீட்டின் பங்கு இதற்கெல்லாம் மேலானது. புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டு விலகினால் எப்போதும் பலன் கிடைப்பதில்லை என்று ஜேம்ஸ் கிம் செய்த ஆய்வுகள் காட்டின. படித்ததைப் பற்றிக் கேட்கவும், உரக்கப் படிப்பதைக் காது கொடுத்துக் கேட்கவும் ஆள் இருந்தபோதுதான் பலன் தெளிவாகத் தெரிந்தது. தமிழில் இதற்குக் கூடுதல் தேவை இருக்கிறது. குழந்தை வீட்டில் பேசும் தமிழ் வேறு, அச்சில் பார்க்கும் தமிழ் வேறு. “வந்துட்டேன்” என்று பேசும் பிள்ளை “வந்துவிட்டேன்” என்று படிக்க வேண்டியிருக்கிறது. அந்த எழுத்து நடையைப் பெரியவர் குரலில் நாளும் கேட்டுப் பழகிய காதுக்கு, பக்கத்தில் பார்க்கும்போது அது அந்நியமாகத் தோன்றாது. ஆங்கிலவழிப் பள்ளியில் படித்து, தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம். வகுப்புக்கு ஏற்ற நூல் என்று பாராமல், இரண்டு மூன்று படி கீழிருக்கும் நூலை வெட்கமில்லாமல் எடுக்க அவர்களை விட வேண்டும். அரசின் வாசிப்பு இயக்கம் 2023இல் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்தது இங்கே உதவும். அந்தப் பெயர்களில் வகுப்பும் இல்லை, வயதும் இல்லை. பதினொரு வயதுப் பிள்ளை ‘நட’ நூலை எடுத்தால் அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் இதிலிருந்து விலகி நிற்க வேண்டியதில்லை. பீடி சுற்றும்போதோ பூக்கட்டும்போதோ பக்கத்தில் அமர்ந்து பிள்ளை படிக்க, கேட்டுக்கொண்டே “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்கும் அம்மா ஒரு நல்ல வாசிப்புத் துணை. ஆயாவும் தாத்தாவும் சொல்லும் கதையைப் பிள்ளை ஒரு நோட்டில் எழுதி, நூலகத்துக்குக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டலாம். குடும்பம் முழுவதும் பங்குகொள்ளும் கோடை நிகழ்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைப்பது அரிது. கைபேசியைப் பற்றிப் பிள்ளைகளிடம் உபதேசிப்பதைவிட, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் பெரியவர்கள் தம் கைபேசியை வைத்துவிட்டு ஏதேனும் படிப்பது பயன் தரும்.

கோடையில் பல குழந்தைகள் ஊருக்குப் போய்விடுகிறார்கள் என்பதும் உண்மை. சென்னையில் உறுப்பினராக இருக்கும் பிள்ளை மே மாதம் முழுவதும் அம்மாச்சி வீட்டில் இருக்கும். அங்கே புத்தகம் எடுக்க அதற்கு அட்டை இல்லை. ஊருக்குக் கிளம்பும்போது துணிப்பையில் நான்கைந்து நூல்களும் போக வேண்டும்; அதற்கேற்ப இரவல் காலத்தை நீட்டித் தர வேண்டும். ஊர்ப்புற நூலகங்களில் தாத்தாவின் அட்டையில் பேரப்பிள்ளைக்கு நூல் தர நூலகர் மனம் வைக்கலாம். நூலகமே இல்லாத சிற்றூர்களுக்குப் புத்தகம்தான் வர வேண்டும். மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை 1931இலேயே மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். இன்றைய நடமாடும் நூலக வண்டிகள், பள்ளிகள் மூடியிருக்கும் மே மாதத்தில் கோயில் திடலுக்கும் அங்கன்வாடி வாசலுக்கும் வழித்தடத்தை மாற்றிக்கொண்டால், அந்த முயற்சியின் தொடர்ச்சியாக இருக்கும்.

ஜூன் பிறந்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சமிருக்கிறது. பொது நூலகங்களுக்கு நூல் வாங்கும் முடிவுகளில் சிறுவர்களின் குரல் பெரும்பாலும் பதிவாவதில்லை. கோடையில் குழந்தைகள் கேட்டு, இல்லை என்று திரும்பிய நூல்கள் எவை, அதிகமாகக் கைமாறியவை எவை, ஒருவரும் தொடாமல் கிடந்தவை எவை என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால், விடுமுறை முடியும்போது அது தெளிவான பட்டியலாகிவிடும். வாசகர் வட்டத்தின் கையொப்பத்தோடு அதை மாவட்ட மைய நூலகத்துக்கு அனுப்பி வைத்தால், அடுத்த ஏப்ரலுக்குள் அந்த நூல்களில் சிலவாவது அடுக்குக்கு வந்து சேரும்.