குறட்டை

தஞ்சோங் மாலிமில் எங்கள் பக்கத்து வீட்டு அங்கிள் ஒரு பிரெஞ்சு புல்டாக் வளர்க்கிறார். மத்தியான வெயிலில் அதன் குறட்டை எங்கள் ஹால்வரை கேட்கும். "கேளு தம்பி, குழந்தை மாதிரி தூங்குது" என்பார். அது மூச்சுத் திணறல். சப்பை முகத்துக்காகவே பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்ததில் மூக்குத் துவாரம் குறுகிவிட்டது. உள்ளே அண்ணத்துச் சதை மட்டும் குறையவில்லை.

நம்ம ஆளுங்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. ராஜபாளையம் நாய் தூய வெள்ளையாக இருக்கணும் என்கிறோம். நிறமி அணுக்கள் உள்காதிலும் இல்லாமல் போனால் குட்டி பிறந்த சில வாரங்களிலேயே செவிடாகிவிடும்.

கார் பாகங்களைச் சோதிப்பது என் வேலை. வரைபடத்துக்குப் பொருந்தாததை ஒதுக்குவோம். இந்த நாய்களோ வரைபடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அப்படியும் மூச்சுவிட முடியவில்லை. அப்படியென்றால் தப்பு வரைபடத்தில்தானே?

"அதை மாற்றினால் இனமே அழிஞ்சிடுமே" என்பார்கள். இனத்துக்கு வலிக்காது, நாய்க்கு வலிக்கும். 2023-இல் நார்வே உச்ச நீதிமன்றம், அங்கே நடந்துவந்த கவாலியர் ஸ்பேனியல் இனவிருத்தி விலங்கு நலச் சட்டத்துக்கு முரண் என்றே தீர்ப்பளித்தது. நெருங்கிய ரத்தத்தில் சேர்க்காமல், காது கேட்கிறதா என்று பார்த்து, புள்ளி விழுந்த குட்டியையும் ஏற்றுக்கொண்டால் ராஜபாளையம் அழியாது. நம் ரசனைதான் கொஞ்சம் மாறணும்.

அங்கிளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. குட்டி வாங்கப் போன அன்று, "இருக்கிறதிலேயே சப்பையா இருக்கே, அதை எடுங்க" என்றது நான்தான்.