பங்காளிகளின் நிரல்

லினக்ஸ் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவச் சொல்லி ஒரு வரி தட்டினால், அது துணைக்கு நாலைக் கேட்கும். அந்த நாலும் இன்னும் பத்தைக் கேட்கும். யாரோ எங்கோ எழுதிய நிரல்களைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று முட்டாமல் நம் கணினியில் அமர்த்துவதுதான் பேக்கேஜ் மேனேஜரின் வேலை. பகிர்வையே பிழைப்பாகக் கொண்ட கருவி அது. ஆனால் அந்தக் கருவிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது குறைவு. டெபியனுக்கு ஆப்ட், ஃபெடோராவுக்கு டிஎன்எஃப், ஆர்ச்சுக்கு பேக்மேன், பைத்தானுக்கு பிப் என்று ஆளுக்கொன்று. அத்தனையும் ஓப்பன் சோர்ஸ்; யார் நிரலையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். பிறகும் ஏன் ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுதுகிறார்கள்?

இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. எதையெல்லாம் சேர்த்து நிறுவுவது என்று முடிவுசெய்வதுதான் இந்த வேலையில் கடினமான இடம். இது வேண்டுமானால் அது வேண்டும், அது இருந்தால் இன்னொன்று இருக்கக் கூடாது என்று நிபந்தனைகள் ஆயிரக்கணக்கில் வரும். சூசே என்ற லினக்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் ஷ்ரோடரும் சகாக்களும் இதைச் சாட் எனப்படும் தர்க்கப் புதிராக மாற்றினார்கள்: ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஆம் அல்லது இல்லை, எல்லா நிபந்தனையும் நிறைவேறும் விடையைக் கண்டுபிடிக்க வேண்டும். 2008இல் வந்த ஓப்பன்சூசே 11.0 இந்த வழியில் இயங்கியது. அந்த நிரல் லிப்சால்வ் என்ற சி மொழி லைப்ரரியாக வளர்ந்தது. சூசேக்குச் சந்தையில் நேர்ப்போட்டி ரெட் ஹாட். அந்த ரெட் ஹாட்டின் ஆதரவில் வளரும் ஃபெடோரா, 2015இல் பழைய கருவியான யம்மை விட்டு டிஎன்எஃப்புக்கு மாறியபோது, உள்ளே கணக்குப் போட்டது லிப்சால்வ்தான். அறிவியல் கணிமையில் புழங்கும் பேக்கேஜ் மேனேஜரான கோண்டாவுக்கு மாற்றாக வந்த மாம்பாவும் அதையே எடுத்துக்கொண்டு வேகத்தில் முந்தியது. 2023இல் கோண்டாவே அந்த வழிக்கு வந்து சேர்ந்தது.

இந்தப் பகிர்வு எப்படிச் சாத்தியமாயிற்று என்று பார்க்க ஒரு சின்ன விஷயம் போதும். 1.0 என்று ஒரு பதிப்பு. அதற்கு முன் சோதனைக்கு விடப்பட்ட 1.0ஆர்சி1 என்று இன்னொன்று. இரண்டில் எது புதியது? சூசேயும் ஃபெடோராவும் பயன்படுத்தும் ஆர்பிஎம் வடிவத்தின் விதிப்படி 1.0 முடிந்த பிறகும் எழுத்து மிச்சமிருப்பதால் 1.0ஆர்சி1தான் புதியது. கோண்டா விதிப்படி அது வெறும் வெள்ளோட்டம், 1.0தான் புதியது. ஒரே கேள்விக்கு நேரெதிரான இரண்டு விடைகள், இரண்டும் அவரவர் வீட்டில் சரி. லிப்சால்வ் யாரையும் மாறச் சொல்லவில்லை. விடை தேடும் முறையைப் பொதுவாக வைத்துக்கொண்டு, பதிப்பை ஒப்பிடும் விதியை அவரவர் வழக்கப்படி தனித்தனியே எழுதி வைத்திருக்கிறது. கோண்டாவின் விதியால் சூசேக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் அது அங்கே இருக்கிறது; ஒவ்வொரு வெளியீட்டிலும் பழுதில்லாமல் ஓடியாக வேண்டும்.

மறுபக்கத்தில் பிப் இருக்கிறது. தனக்கு வேண்டிய லைப்ரரிகளின் நகலை ஒரு கோப்புறையில் தன்னோடேயே வைத்துக்கொள்கிறது. சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. நிறுவும் கருவியே வெளியிலிருக்கும் ஒன்றை நம்பி, அது உடைந்துபோனால், சரிசெய்ய எதைக் கொண்டு நிறுவுவது? ஆனால் நகலுக்கும் விலை உண்டு. மூலத்தில் செய்த திருத்தம் நகலுக்குத் தானாக வராது. 2002இல் ஸெட்லிப் என்ற லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை தெரிந்தபோது, அதை நகலெடுத்து உள்ளே வைத்திருந்த மென்பொருள்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது. அன்று எடுத்தபோது இலவசமாகத் தெரிந்ததற்கு, பின்னால் வட்டி கட்ட வேண்டிவந்தது.

ஆக, தனியாக எழுதுகிறவர்களின் தயக்கம் வெறும் அகம்பாவம் இல்லை. அடுத்தவர் நிரலை நம்பினால் அவர் வெளியிடும் நாள் வரை காத்திருக்க வேண்டும், அவருடைய முடிவுகளுக்கு ஒத்துப்போக வேண்டும். தன் நிரலைப் பிறர் நம்பினால், நினைத்தபடி அதை மாற்ற முடியாது. பங்காளிகளின் பொதுக்கிணற்றில் இறைக்க எல்லோரும் வருவார்கள். தூர்வார வேண்டிய வருஷம்தான் அது யாருடைய கிணறு என்ற பேச்சு எழும்.

ஓப்பன் சோர்ஸ் உரிமம் எடுத்துக்கொள்ள அனுமதி தருகிறது. பராமரிக்கும் கடமையை எந்த உரிமமும் எழுதித் தருவதில்லை; அதை யாராவது தாமாகத்தான் ஏற்க வேண்டும். தமக்குத் தேவையில்லாத விதிக்கும் இடம் கொடுத்து, அதன் நாளைய பழுதையும் தம் கணக்கில் எழுதிக்கொள்கிறவர்கள் இருக்கும் இடத்தில் மட்டுமே போட்டியாளர்களுக்குள்ளும் பகிர்வு நிலைக்கிறது. பொதுச்சொத்து என்று நாம் சொல்வது எதுவாக இருந்தாலும், யாரோ ஒருவர் அதைத் தன் சொத்தைப்போலப் பார்த்துக்கொள்வதால்தான் பொதுவாக நீடிக்கிறது.